நீலக் கதவு போட்ட அட்டை

அத்தியாயம் 9

போன வாரம் மலையடிவாரத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுபோன குட்டி யானை சரக்கு வண்டியை மறந்திருக்க மாட்டீர்கள். நாம் ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம் என்பதற்காக அவர்களும் அங்கேயே நிற்பார்களா என்ன? தண்ணீர் ஊற்றிக் கிளப்பி, கல்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

ஓட்டுகிறவன் முருகவேல். மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றிப் பிழைப்பவன். இடது பக்கம் அவன் மனைவி மணிமொழி. நடுவில் எட்டு வயது மகன் செழியன். எஞ்சின் எந்தச் சுருதியில் உறுமுகிறதோ அதே சுருதியில் செழியன் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே வந்தான். கியர் மாறினால் அவனும் மாற்றினான். சந்தோஷமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

செழியனுக்கு ஆட்டிசம். வார்த்தைகள் நாலைந்துதான் வரும், அதுவும் அவனுக்குத் தோன்றினால். மற்றதையெல்லாம் அவன் இடுப்பில் கட்டியிருக்கும் சின்னப் பையில் உள்ள பட அட்டைகள் பேசும். தண்ணிக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது நீலக் கதவு அட்டை.

வண்டி முழுக்க வெள்ளை, இடது கதவு மட்டும் நீலம். இடித்துப் போன கதவுக்குப் பதிலாகப் பழைய இரும்புக் கடையில் கிடைத்ததைப் பூட்டியது. பெயின்ட் அடிக்கணும் அடிக்கணும் என்று முருகவேல் தள்ளிப் போட்டதும் நல்லதாகப் போயிற்று. அந்தக் கதவைப் போட்டோ எடுத்துத்தான் அந்த அட்டை. 'போதும், என்னை வண்டிக்குக் கூட்டிப் போ' என்று அதற்கு அர்த்தம்.

"அட்டையை நீட்டினா அந்த நிமிஷமே கெளம்பிடணும்" என்று சிறப்பு ஆசிரியை சுபலட்சுமி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒரே ஒரு தடவை 'செத்த இருடா'ன்னு சொல்லிப் பாருங்க. அட்டை வேலைக்காவாது, பல்லுதான் வேலைக்காவும்னு புரிஞ்சிக்குவான்."

அந்த ஒரு தடவையையும் முருகவேல் சொல்லித் தொலைத்திருந்தான். தியாகதுருகம் கல்யாண மண்டபத்தில், போட்டோவுக்கு நிற்கும்போது. அன்றைக்கு செழியன் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் வெகுநாள் அட்டையைத் தொடவே மாட்டேன் என்று விட்டான். மணிமொழி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, போன மாசம்தான் அவன் கை பைக்குள் போக ஆரம்பித்திருந்தது.

"ஏங்க, படத்தக் காட்டுங்க அவனுக்கு" என்றாள் மணிமொழி.

டேஷ்போர்டில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன. வண்டி. பெரியப்பா வீடு. சோறு. பம்பை. முறம். மறுபடி வண்டி.

"மொதல்ல பெரியப்பா வூடு" என்று முருகவேல் ஒரு கையால் தொட்டுக் காட்டினான். "அப்புறம் சோறு. அப்புறம் டம் டம். அப்புறம் சாமை போடணும். அப்புறம் வண்டி."

செழியன் கடைசிப் படத்தை மட்டும் தொட்டுப் பார்த்தான்.

"மத்ததெல்லாம் வேணாமாம் தொரைக்கு" என்று மணிமொழி சிரித்தாள். முருகவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். அவர்கள் குடும்பம் அந்த மலைக் கிராமத்தில் தலைக்கட்டு வீடு, ஊருக்கே மூத்த வீடு. தை மாசம் புதுச் சாமையை குலசாமிக்குப் படைக்கும்போது, தலைக்கட்டு வீட்டின் முதல் பிள்ளை, ஆணோ பெண்ணோ, தன் கையால் ஒரு பிடி அள்ளிப் பானையில் போடவேண்டும். அதற்கு அப்புறம்தான் ஊரில் புதுச் சோறு. எட்டு வயது முடிவதற்குள் பிள்ளை வந்து போடாவிட்டால் அந்த உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். முருகவேலின் அண்ணன் இருசப்பனுக்குக் குழந்தை இல்லை. ஆக, அந்த வீட்டுக்கு இருக்கும் ஒரே பிள்ளை செழியன். இதுதான் அவனுக்குக் கடைசித் தை.

மணிமொழி ஒரு மாசமாக போனில் பம்பைச் சத்தத்தை வைத்துப் பழக்கியிருந்தாள். முதலில் பக்கத்து அறையில், காதுக்குக் கேட்டும் கேட்காமலும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. தாங்கிக்கொண்டால் ஒரு கடலை மிட்டாய், ஒரு தட்டிக்கொடுத்தல். காதுக்கு மாட்ட ஒரு பெரிய மூடி வேறு வாங்கியிருந்தாள், ஹெட்போன் மாதிரி இருக்கும், பாட்டுக் கேட்காது, சத்தத்தைக் குறைக்கும். அதை மாட்டிக்கொண்டு முழுப் பம்பையையும் கேட்டான் பையன்.

"காது மூடி இருக்கற வரைக்கும் கவலையில்ல" என்றாள்.

முருகவேல் தலையாட்டினான். அண்ணனை நினைத்தால்தான் அவனுக்குக் கவலை.

*

இருசப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். வண்டி நிற்பதற்குள் வந்து கதவைப் பிடித்தார்.

"வாடா எஞ் சாமி!" என்று செழியனைத் தூக்கப் போனவர், மணிமொழி முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். திடீரென்று தூக்கினால் அவனுக்குப் பிடிக்காது என்று போன தடவை சொல்லியிருந்தாள். பதிலாக உள்ளங்கையை நீட்டினார். செழியன் அதில் ஒரு அடி அடித்தான். மனுஷனுக்கு அதுவே பூரித்துப் போயிற்று.

அண்ணி சாமியம்மாள் வந்தாள். பாசத்துக்கும் வாய்க்கும் குறைவில்லாதவள்.

"இன்னாடி மணி, புள்ள எளச்சிக் கெடக்கறான்? அது இன்னாத்த கழுத்துல மாட்டிக்கினு? ஏரோபிளேனு ஓட்டப் போறானா?"

"காது மூடிக்கா. சத்தம் ஜாஸ்தியானா அவனுக்குத் தாங்காது."

"சாமி முன்னாடி தலையில துண்டுகூடக் கெடக்கக் கூடாது. ஆம்பளைங்க சட்டையே கழட்டிட்டுத்தான் போறாங்க. இத்த மாட்டிக்கினு நின்னா ஊரு காறித் துப்பும்."

"அக்கா, இது இல்லன்னா அவன்..."

"முருகா, நீ சொல்லுடா உம் பொண்டாட்டிக்கு!"

முருகவேல் அண்ணனைப் பார்த்தான். மணிமொழியைப் பார்த்தான். ஊர்ப்பக்கம் வந்துவிட்டால் அவனுக்கு முதுகெலும்பு கொஞ்சம் வளையும், அது அவனுக்கே தெரியும்.

"செத்த நேரந்தான் மணி. அஞ்சு நிமிசம். கழட்டிடலாம்."

மணிமொழி செழியன் இடுப்புப் பையை ஒரு முறை இழுத்துப் பார்த்து, முடிச்சை இறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் சின்னக்கண்ணு. முருகவேலுக்குச் சித்தப்பா முறை, அடுத்த பங்காளி. இந்த உரிமை எப்போது கைக்கு வரும் என்று வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கிறவர் என்று ஊரில் பேச்சு.

"பையன் பேசறானா தம்பி?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

முருகவேல் வாய் திறப்பதற்குள் இருசப்பன் முந்திக்கொண்டார். "அவன் எதுக்குப் பேசணும்? அவன் மேல சாமி இருக்குது. ஊருக்கே தெரியும்."

ஆமாம், ஊருக்கே தெரியும். இருசப்பன் சொல்லிச் சொல்லித் தெரிய வைத்தது. செழியன் கையை உதறினாலும் சாமி, குதித்தாலும் சாமி. பைத்தியக்காரப் பிள்ளை என்று ஒருத்தரும் சொல்லவில்லை அல்லவா? அதனால் முருகவேலும் மறுத்துப் பேசியதில்லை. கேட்க நன்றாகக்கூட இருந்தது.

"உம் பேத்தி எப்பிடி சித்தப்பா?" என்று மரியாதைக்குக் கேட்டான். "தியாகதுருகத்துலதான படிக்குது?"

"அவங்க பெரியம்மா வூட்டுல. நல்லாப் படிக்குது" என்று சொல்லிவிட்டு, சின்னக்கண்ணு சட்டென்று படியிறங்கிப் போய்விட்டார்.

*

கோயில் என்றால் கோபுரம் கிடையாது. புளியமரத்தடியில் மஞ்சள் பூசிய கல், முன்னால் அடுப்பில் புதுப்பானை, சுற்றிலும் சனம். முருகவேல் சட்டையைக் கழற்றி, கையில் சாமை முறத்தோடு கல்லுக்கு வலது பக்கம் நின்றான். பக்கத்தில் செழியன், சின்ன வேட்டி, வெறும் தலை. மணிமொழி பெண்கள் வரிசையில் காது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் கொதித்து, பிள்ளை சாமை போடும் வரை பம்பை நிற்கக் கூடாது.

முதல் அடி விழுந்ததும் செழியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனில் கேட்டது வேறு, இது வேறு. போனில் கேட்டது காதோடு நின்றது. இது காலடி மண்ணில் ஏறி நெஞ்சுக்குள் இடித்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். முருகவேல் குனிந்து, "கொஞ்சந்தான்டா கண்ணு, அப்பா இருக்கறேன்" என்றான். மகனுக்கு எதுவும் கேட்டிருக்காது.

பம்பையோடு உடுக்கையும் சேர்ந்தது. செழியன் முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கினான். 'ம்ம்ம்' என்ற முனகல் உயர்ந்துகொண்டே போயிற்று. வண்டியில் பாடிய ம்ம்ம் இல்லை இது. பெற்றவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மணிமொழி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வரப் பார்த்தாள்.

அதற்குள் சாமியம்மாள் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக் கத்தினாள். "சாமி வந்துடுச்சி! எங்க வூட்டுப் புள்ள மேல சாமி எறங்கிடுச்சி!"

அவ்வளவுதான். குலவை கிளம்பியது. பம்பைக்காரர்கள் இன்னும் கிட்டே வந்து, இன்னும் வேகமாக அடித்தார்கள். சாமி வந்தால் அப்படித்தான் அடிக்கணும், அவர்கள் மேல் குற்றமில்லை. பெண்கள் அப்படியே மண்ணில் விழுந்தார்கள்.

"எம் மருமவன் எப்ப குடிய வுடுவான் சாமி?"

"போர் போட்டா தண்ணி வருமா சாமி? சொல்லு!"

யாரோ மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் தலையில் கொட்டினார்கள். செழியன் வீறிட்டான். தண்ணீர் சொட்டச் சொட்டக் குதித்தான். குலவை இன்னும் பெரிதாயிற்று. இருசப்பன் கண் கலங்கி, கை கூப்பி, தம்பி மகன் முன்னால் மண்டியிட்டார். "இன்னா வேணும் எஞ் சாமி? கேளு, எது வேணும்னாலும் கேளு!"

முருகவேல் அந்த முகத்தைப் பார்த்தான். அங்கே சாமி ஒன்றும் இல்லை. மூச்சு முட்டிப் போன ஒரு குழந்தைதான் இருந்தது. மணிக்கட்டு வாய்க்கிட்டே போயிற்று. பல் பழைய தழும்பைத் தொட்டது.

தொட்டதும் நின்றது.

கை கீழே இறங்கியது. இடுப்புப் பைக்குள் போயிற்று. ஒரு அட்டை வந்தது, தண்ணி அட்டை. அதைக் கீழே போட்டான். மறுபடி தேடினான். அந்த இடியிலும் கூச்சலிலும், சரியான அட்டையை எடுத்து அப்பாவின் வயிற்றில் வைத்து அழுத்தினான்.

நீலக் கதவு.

"பாருங்க, சாமி என்னவோ குடுக்குது!" என்றாள் ஒருத்தி.

பானையில் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான். செத்த இருடா என்ற வார்த்தை முருகவேலின் நாக்கு நுனி வரை வந்தது. தாத்தன் காலத்திலிருந்து வந்த உரிமை, அண்ணனே மண்டியிட்டிருக்கிறார், ஊரே பார்க்கிறது. அந்தத் தழும்பு மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால் சொல்லியே இருப்பான்.

முறத்தைக் கீழே வைத்தான்.

"வுடுங்க" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினான். "வழிய வுடுங்க! இது சாமி இல்ல! எம் புள்ள! போதும்னு சொல்றான், காது கேக்கலயா உங்களுக்கு?"

கூட்டம் அப்படியே நின்றது. பம்பைகூட ஒரு அடி தவறிற்று.

"டேய் முருகா..." என்றார் இருசப்பன், மண்டியிட்டபடியே.

"சாமி இல்லண்ணா. அவனுக்கு ஆட்டிசம்னு ஒண்ணு இருக்குது. சத்தம் தாங்காது. அத்தச் சொல்ல எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சி."

மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். எதிரே வந்த மணிமொழி காது மூடியை எடுத்துப் பிள்ளையின் காதில் மாட்டினாள்.

*

வண்டிக்குள் செழியன் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில் சுருண்டு உட்கார்ந்துகொண்டான். யாரும் அவனிடம் பேசவில்லை, கேள்வி கேட்கவில்லை, தடவவில்லை. கதவைச் சாத்தி, துண்டால் தலை ஈரத்தை ஒற்றிவிட்டு, சும்மா இருந்தார்கள். முருகவேல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டான். மெல்ல மெல்ல 'ம்ம்ம்' எஞ்சின் சுருதிக்கு வந்து சேர்ந்தது.

"கடிக்கல பாத்தியா" என்றான் முருகவேல். "வாய் வரைக்கும் போயி, கடிக்கல மணி. தேடி எடுத்தான்."

"பாத்தேன்." அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் அந்த நிமிசமே வந்துட்டீங்க."

"காது மூடியக் கழட்டச் சொன்னது நான்தான."

"தெரியுதில்ல? வுடுங்க" என்று அவள் அதோடு விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இப்பிடியே வூட்டுக்குப் போவக் கூடாதுங்க" என்றாள்.

"இன்னாது?"

"டீச்சர் சொன்னாங்கல்ல. போதும்னு கேட்டா வெளிய வரணும். ஆனா ஆறினதும், அந்த வேலைய சின்னதாக்கியாச்சும் முடிக்க வெச்சிடணும். இல்லன்னா எல்லாத்துக்கும் இந்த அட்டைய நீட்டிட்டு ஓடிக்கினே இருப்பான். பம்பை இல்லாம, தண்ணி ஊத்தாம, காது மூடியோட ஒரே ஒரு புடி சாமை. அவ்ளோதான். செய்வான்."

"பம்பை இல்லாமயா? அண்ணன் என்னை வெட்டிப் போட்டுடுவாரு."

அண்ணன் வந்துகொண்டேதான் இருந்தார். நடையிலேயே கோபம் தெரிந்தது. முருகவேல் இறங்கிப் போய் நடுவழியில் நின்றான்.

"மானத்த வாங்கிட்டியேடா!" இருசப்பன் உதடு துடித்தது. "நான் இன்னா, தெரியாமயா சாமின்னு சொன்னேன்? எனக்குப் பைத்தியமா? அவன லூசுன்னு ஒருத்தன் கூப்பிடக் கூடாது, கல்லெடுத்து ஒரு புள்ள அடிக்கக் கூடாதுன்னுதான்டா சொன்னேன்! இத்தினி வருசம் ஊரு வாய அடைச்சி வெச்சேன். ஒரு நிமிசத்துல தொறந்து வுட்டுட்ட."

முருகவேலுக்கு இது புதிது. அண்ணன் நம்பித்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தான். கை தானாகப் போய் அண்ணன் கையைப் பிடித்தது.

"எனக்குப் புரியுதுண்ணா. ஆனா சாமின்னு சொன்னா, அவன் வலியில கத்தும்போதும் கும்புட்டுக்கினுதான் நிப்பாங்க. யாரும் தூக்க மாட்டாங்க. இப்பப் பாத்தல்ல?"

இருசப்பன் வண்டிப் பக்கம் பார்த்தார். கண்ணாடி வழியாக மஞ்சள் தண்ணீர் காயாத உச்சந்தலை தெரிந்தது. கோபம் எங்கேயோ போய், மனுஷன் திடீரென்று கிழவராகத் தெரிந்தார்.

"நான் வேற மண்டி போட்டுக்கினு இன்னா வேணும்னு கேக்கறேன்" என்றார் மெதுவாக.

"பம்பைய நிறுத்தச் சொல்லுண்ணா. கூட்டிக்கினு வரேன்."

"புள்ள சாமை போடற வரைக்கும் நிறுத்தக் கூடாதுடா. நான் சொன்னா, சின்னக்கண்ணு சித்தப்பன் சும்மா இருப்பாரா? இதுக்குத்தான காத்துக்கினு இருக்கறாரு."

"அப்ப அவரு வூட்டுக்கே போவட்டும்ணா."

சொல்லிவிட்டான். இருசப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் திரும்பி நடந்தார். முருகவேலும் பின்னால் போனான்.

கல் முன்னால் நின்று இருசப்பனே சொன்னார். "சித்தப்பா, எங்க புள்ளைக்கு இந்தச் சத்தம் ஆவாது. பம்பைய நிறுத்தக் கூடாதுன்னா, உரிமைய நீங்க எடுத்துக்குங்க. உங்க பேத்திதான் அடுத்த தலைப்புள்ள. தியாகதுருகம் இன்னா சீமையிலயா இருக்குது? தம்பி வண்டிய அனுப்பறேன். பொழுது சாயறதுக்குள்ள கூட்டிக்கினு வந்துடலாம்."

சின்னக்கண்ணு துள்ளிக் குதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மனுஷன் முகம் வெளுத்துப் போயிற்று.

"அது... அதுக்குப் பரீட்சை."

"தையிலயா?"

"ஒடம்பு வேற சரியில்ல. அவ்ளோ தூரம் எதுக்கு..." எச்சில் விழுங்கினார். அப்புறம், யார் சொல்லியும் கேட்காத சின்னக்கண்ணு, பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினார். "நிறுத்துங்கடா! பச்சப்புள்ள காது வலிக்குதுங்கறான், அடிச்சிக்கினே இருக்கீங்க! உங்க புள்ளதான் போடணும் இருசப்பா. அதான் முறை."

ஊரே வாயைப் பிளந்தது. முருகவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை, வண்டிக்கு ஓடினான்.

மணிமொழி இரண்டு படங்களை மட்டும் எடுத்துச் செழியன் கண் முன்னால் வைத்தாள். "மொதல்ல சாமை. அப்புறம் வண்டி." அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான்.

யாரும் பேசக் கூடாது என்று சாமியம்மாளே வாயில் விரல் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாமல் நின்றது அந்த ஊர் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. காது மூடியோடு செழியன் நடந்து வந்து, முறத்தில் கைவைத்து, ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டான்.

"பலே! போட்டுட்டியே!" என்று மணிமொழி மெல்லச் சொல்லிக் கடலை மிட்டாயை நீட்டினாள்.

அவன் மிட்டாயைக் கவனிக்கவே இல்லை. விரலிடுக்கில் சாமை வழுவழுவென்று ஓடுவது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. இன்னொரு பிடி. இன்னொரு பிடி. முழங்கை வரை முறத்துக்குள் விட்டுக்கொண்டு சிரித்தான். இப்போது அவனை முறத்திலிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இருசப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

*

வெயில் தாழ்ந்து கிளம்பும்போது, சாமியம்மாள் ஒரு பை நிறையச் சாமை கட்டிக் கொடுத்தாள். "வூட்டுல கையை வுட்டு ஆடட்டும். அந்தக் காதுல மாட்டறது எங்கடி கெடைக்கும்? இங்கயும் ஒண்ணு வாங்கி வெக்கறேன்" என்றாள். மணிமொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊர் எல்லையில், வண்டி திரும்பும் இடத்தில் ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். சின்னக்கண்ணுவின் மருமகள் பாப்பாத்தி. புருஷன் சின்னதுரை கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலையில் இருக்கிறான். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா பாப்பாத்தி?" என்றான் முருகவேல். "கள்ளக்குறிச்சி வரியா?"

அவள் செழியன் இடுப்புப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் மணிமொழியிடம். "அந்த அட்டை... பொட்டப் புள்ளைக்கும் குடுப்பாங்களா?"

மணிமொழிக்கு ஒரு கணம் புரியவில்லை. "யாருக்கு?"

"எம் மவளுக்கு."

"உம் மவ தியாகதுருகத்துல இல்ல இருக்குது?" என்றான் முருகவேல்.

பாப்பாத்தி தலையை ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எங்கயும் போவல மாமா. வூட்டுலதான் கெடக்குது. கையக் கடிச்சிக்குது, பேசறதில்ல, தொறந்து வுட்டா ஓடிடுது. பின்னாடி ரூம்புல, கட்டில் கால்ல, இடுப்புல சீலையப் போட்டுக் கட்டி... நான்தான் கட்டிட்டுக் கொல்லை வேலைக்குப் போறேன். வேற இன்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல. மாமா, நீங்க இன்னிக்கி அத்தினி பேர் முன்னாடி அதுக்கு ஒரு பேரு சொன்னீங்கல்ல? இத்தினி நாளும் நான் எதோ பாவம் பண்ணிட்டேன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

முருகவேலுக்குச் சின்னக்கண்ணுவின் வெளுத்த முகம் ஞாபகம் வந்தது. எஞ்சினை அணைத்தான்.

மணிமொழி நீலக் கதவைத் திறந்து இறங்கினாள். "வா. நான் பாக்கறேன் புள்ளைய."

"வூடு பூட்டியிருக்குதுக்கா. பம்பைச் சத்தத்துக்கு அது கத்தினா வெளிய கேக்கும்னு காலையிலயே பூட்டிட்டாரு." பாப்பாத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "சாவி எங்க மாமனாரு அரணாக்கொடியிலதான் இருக்குது."

அவள் காட்டிய பாதையில், தோளில் துண்டோடு, சின்னக்கண்ணு அவர்களை நோக்கி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.